சுவரின் வில்லங்கம்

மே மாதம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி. கீழே சமவெளி கொதிக்கிறது; மேலே ஸ்வெட்டர் கேட்கிறது. மூன்று நாள் தங்க வந்த குடும்பத்துக்கு இரண்டாம் நாள் மாலையே அந்த ஆசை வந்துவிடும்: இங்கேயே ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டால் என்ன? தரகர் கூட்டிப்போய்க் காட்டும் வீட்டில் புது பெயின்ட் மின்னுகிறது. ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. சுவரைத் தொட்டால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன.

அந்த மனையின் மேல் யாருக்குக் கடன், யாருக்குப் பாத்தியதை என்று வில்லங்கச் சான்று சொல்லிவிடும். ஆனால் மலையில் ஒவ்வொரு வீட்டின் மேலும் இன்னொரு பாத்தியதை இருக்கிறது. அது எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவாவதில்லை. சுவரிலும் தரையிலும் கூரையிலும்தான் பதிவாகிறது. தண்ணீரின் பாத்தியதை அது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே அதை நனைக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர். அது தவிர மூடுபனி, மார்கழி தையில் உறைபனி, சரிவின் வயிற்றிலிருந்து கசியும் ஊற்று. இத்தனை வேடத்தில் வரும் தண்ணீரோடு இங்கே ஒவ்வொரு வகை வீடும் ஒவ்வொரு விதமாக உடன்பாடு செய்துகொண்டிருக்கிறது. மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு அரைப்பீப்பாய் வடிவில் வளைத்துக் கட்டிய தோடர் குடிசையின் வாசல் ஏறத்தாழ மூன்றடி உயரம்தான். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். சூடு அதன் வழியே எளிதில் தப்பாது. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் வீடுகள் ஒன்றையொன்று தோளணைத்து வரிசையாக நிற்கும். பக்கத்து வீட்டோடு பகிர்ந்த சுவருக்குக் குளிரும் இல்லை, சாரலும் இல்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதற்குப் பின் வந்த தகரக்கூரை பங்களாக்கள், எஸ்டேட் லயன் வீடுகள், மொட்டை மாடி வைத்த கான்கிரீட் வீடுகள், சரிவில் தூண் ஊன்றி எழும்பும் இன்றைய விடுமுறை வில்லாக்கள் எல்லாம் ஒரே ஊரில் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. ஒரு வகைக்குப் பார்க்க வேண்டியதை இன்னொரு வகையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் மூக்கு. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் வரும் மண்வாசனையை ‘ரொம்ப நாளாகப் பூட்டியிருந்தது சார், அதான்’ என்று தரகர் கடந்துவிடுவார். கடந்துவிடாதீர்கள். ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள்தான் அந்த வாசனைக்கு முக்கியமான காரணம். முதல் மழையின் மணத்திலும் அது உண்டு. மனித மூக்கு இதில் அபாரமான திறமைசாலி. பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் ஒரே ஒரு தூள் உப்புத் துகள் எடையளவு ஜியோஸ்மினைக் கரைத்தால்கூட நம்மால் முகர்ந்துவிட முடியும். சுவருக்கு நான்கு கை பெயின்ட் அடிக்கலாம். அலமாரியின் உள்மூலையையும் படிக்கட்டுக்கு அடியில் உள்ள இருட்டையும் யாரும் அப்படிக் கழுவி வைப்பதில்லை. மூக்கை அங்கே கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது சுவர். பழைய பங்களா என்றால் அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை உற்றுப் பாருங்கள். பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா, பூச்சு பொரிந்திருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? ஓதம் ஏறியிருக்கிறது என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் ஒரு வித்தை நடக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் நுண்ணிய துளைகளால் ஆனவை. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் தண்ணீர் தானாக ஏறும். இதை நுண்புழை ஏற்றம் என்கிறார்கள். தலைமுடியின் கால்வாசி அகலம், அதாவது இருபது மைக்ரான் விட்டமுள்ள துளை, தண்ணீரை ஒன்றரை மீட்டர் தூக்கிவிடும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே வேலைதான். ஏறிய தண்ணீர் சுவரின் மேற்பரப்பில் ஆவியாகிப் போய்விடும். அது மண்ணிலிருந்து கொண்டுவந்த உப்பு மட்டும் போகாமல் துளைக்குள்ளேயே படிகமாக வளரும். வளரும் படிகம் தன்னைச் சுற்றியுள்ள சுவரை நெருக்கித் தள்ளும். பூச்சைப் பொரிய வைப்பது தண்ணீரைவிட இந்த உப்புதான்.

பழைய கொத்தனார்கள் இதை நிறுத்த முயலவில்லை. ஏறுகிற தண்ணீர் வெளியேற வழிவிட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் கையாண்ட சுண்ணாம்பு ஓர் அதிசயப் பொருள். நூறு கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 44 கிலோ காற்றாகப் போய்விடும். போவது கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சியதை நீற்றி, மணல் சேர்த்துச் சுவரில் பூசினால், அது மாதக்கணக்கில் காற்றிலிருந்து தான் இழந்த அதே வாயுவைத் திரும்ப உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. அதோடு முடியவில்லை. மெல்லிய விரிசல் விட்டால், மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துப்போய் விரிசலுக்குள் படியவிட்டு அடைத்துவிடும். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் சுவர். நீராவியும் அதன் வழியே தடையில்லாமல் வெளியேறும்.

இப்போது ஒரு புதிய உரிமையாளர் வருகிறார். ‘பழைய சுண்ணாம்பு உதிர்கிறது, சிமென்ட் பூசிவிடலாம்’ என்கிறார். சிமென்ட் பூச்சு அடர்த்தியானது. ஆவியை எளிதில் விடாது. ஒரு மீட்டரில் ஆவியாகிப் போயிருக்க வேண்டிய தண்ணீர் வெளியே வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. அல்லது வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. சுவரில் பதிந்திருக்கும் உத்தரத்தின் நுனி வரை போய் மரத்தை நனைக்கிறது. நல்லெண்ணத்தில் செய்த வேலையே நோயாகிறது. நூறு ஆண்டுப் பங்களாவில் புத்தம் புதிய சிமென்ட் பூச்சைக் கண்டால் நான் மகிழ மாட்டேன். எதை மறைக்கப் பூசினார்கள் என்று கேட்பேன். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால் ஒட்டியிருக்கும் இடம் ‘டக்’ என்றும் உள்ளே விட்டுப்போன இடம் ‘டொப்’ என்றும் சொல்லும். பலாப்பழம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தையே இல்லை.

வசதி இருந்தால் வெப்பப்படக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். இது ஒளியைப் பார்ப்பதில்லை. பொருள்கள் எல்லாம் இடைவிடாமல் வெளியிடும் வெப்பக் கதிரைப் பார்த்துப் படமாகத் தரும். டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட வேறு நிறத்தில் காட்டும். ஈரம் இருக்கும் இடம் படத்தில் குளிர்ந்த நீலமாகத் தெரியும். ஏன்? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ அதே காரணம்தான். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை ஒரு லிட்டர் தண்ணீரிலிருந்து உருவினால், அந்த லிட்டர் முழுவதும் அரை டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். நேற்று அடித்த பெயின்ட் கண்ணை ஏமாற்றும். பானையின் விதியை ஏமாற்ற முடியாது. கருவி கிடைக்கவில்லையா? புறங்கையைச் சுவரில் வைத்தபடி மெதுவாக நடந்து பாருங்கள். அவ்வளவு துல்லியம் இராது, ஆனால் வேலை செய்யும்.

கூரைக்குப் போவோம். மழை பெய்யாத ஜனவரி விடியலில் தகரக்கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். வீட்டுக்காரர் ஒழுகல் என்று நினைத்து ஆணிக்கு ஆணி தார் வைப்பார். சொட்டு நிற்காது. ஏனென்றால் அந்தத் தண்ணீர் மேலிருந்து வரவே இல்லை. தூங்கும் மனிதர் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலுமாகக் கால் லிட்டர் தண்ணீரை ஆவியாக வெளியிடுகிறார். நான்கு பேர் படுத்தால் ஒரு லிட்டர். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் அந்த அறைக் காற்று அதிகபட்சம் சுமார் 700 கிராம் நீராவியைச் சுமக்கும். 8 டிகிரியில் அதில் பாதியைக்கூடச் சுமக்க முடியாது. ஈரக்காற்று குளிர்ந்துகொண்டே வந்து ‘இனிச் சுமக்க முடியாது’ என்று கைவிரிக்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். மேகமற்ற இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு வாரி இறைத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் சில்லிட்டுப் போகிறது. வீட்டிலேயே முதலில் பனிநிலைக்கு இறங்குவது அதுதான். குடும்பத்தின் மூச்சு அங்கே போய்த் தண்ணீராகிச் சொட்டுகிறது.

பழைய பங்களாக்களில் தகரத்துக்குக் கீழே இரண்டடி இடைவெளி விட்டு மரப்பலகை அடித்திருப்பார்கள். அழகுக்கு மட்டுமல்ல அது. நடுவிலுள்ள காற்று ஒரு கம்பளிபோலக் குளிரைத் தடுக்க, அறையின் ஆவி தகரத்தை எட்டுவது குறைகிறது. அந்தப் பலகையை எடுத்துவிட்டு ‘கூரை உயரமாகத் தெரியட்டும்’ என்று திறந்துவிட்ட வீடுகள்தான் அதிகம் சொட்டுகின்றன. தகரத்தையும் கொஞ்சம் மெச்ச வேண்டும். ஒரு தாளை இரு புத்தகங்களுக்கு நடுவே பாலமாக வைத்தால் தொய்யும். அதையே விசிறி மடிப்பு மடித்து வைத்தால் பேனாவைத் தாங்கும். இரும்புத் தகட்டை இப்படி அலையலையாக மடிக்கும் முறைக்கு 1829-இல் லண்டனில் ஹென்றி ராபின்சன் பாமர் காப்புரிமை பெற்றார். மேலே பூசும் துத்தநாகமோ தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது: கீறல் விழுந்தாலும் முதலில் அரிபடுவது துத்தநாகம்தான். தகரம் மங்கி வெளுத்திருந்தால் துத்தநாகம் இன்னும் உயிரோடிருக்கிறது; செம்பழுப்பாக மாறியிருந்தால் தீர்ந்துவிட்டது. சில வீடுகளில் தகரத்துக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதைத் துளைக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. மாற்றும் செலவையும் விலைப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மரத்தரை மேல் நடந்தால் கட்டைவிரல் கொஞ்சம் அமுங்குகிறதா? வெளியே போய் அடித்தளச் சுவரைப் பாருங்கள். தரை மட்டத்துக்குச் சற்று மேலே, வரிசையாகச் சின்னச் சின்னச் சாளரங்கள் இருக்கும். மரத்தரைக்கு அடியில் காற்று ஓடுவதற்காக வைத்தவை. மரத்தின் எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை அழுகச் செய்யும் பூஞ்சையால் வளர முடியாது. அந்த ஓட்டைகள் நூறு ஆண்டுகளாகச் செய்துவந்தது அந்தக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்ட வேலைதான். ‘குளிர்காற்று வருகிறது’ என்று யாரோ ஒருவர் செங்கல் வைத்து அடைத்திருப்பார். அடைத்த தேதியிலிருந்து மரத்தின் நாள்கள் எண்ணப்படுகின்றன. ஈரமானி என்ற சின்னக் கருவியின் இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் மின்தடையை அளந்து ஈரத்தைச் சொல்லும். காய்ந்த மரத்துக்கும் நனைந்த மரத்துக்கும் மின்தடை பல ஆயிரம் மடங்கு மாறுவதால் இது எளிது. கருவி இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவர் போதும். நல்ல மரத்தில் அது ஏறாது. அழுகிய மரத்தில் கேக்கில் இறங்குவதுபோல இறங்கும்.

கணப்படுப்பு இருக்கும் வீடு என்றால் வாங்குபவர்களின் முகம் மலரும். எனக்கு இங்கேதான் கவலை. விறகோ கரியோ சரியாக எரியப் போதுமான காற்று வராவிட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் இறங்காததுபோல அது இறங்காது. ஆக்சிஜன் நின்றுகொண்டே இருக்கும். குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி மலை ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. புகைபோக்கி என்பது உண்மையில் ஓர் எந்திரம்: உள்ளேயுள்ள சூடான காற்று லேசாகி மேலே போக, அந்த இழுப்பில் அறைக் காற்று அடுப்புக்குள் வருகிறது. அறைக்குள் வெளிக்காற்று வர வழியில்லையென்றால் இழுப்பும் இல்லை. பழைய ஜன்னல் சந்துகளை எல்லாம் அடைத்துவிட்டுக் கணப்படுப்பை மட்டும் வைத்திருக்கும் வீடு ஆபத்தானது. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி அடுப்பின் வாயில் பிடியுங்கள். புகை மேலே போனால் வழி திறந்திருக்கிறது. உங்கள் முகத்துக்கே திரும்பினால், குருவிக் கூடோ இடிந்த செங்கல்லோ உள்ளே இருக்கலாம். ஆளை விட்டுச் சுத்தம் செய்து பார்க்காமல் அங்கே ஒரு குச்சிகூடக் கொளுத்த வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய ஒயரிங் இருந்தால் முழுவதையும் மாற்றக் கணக்குப் போட்டுவிடுங்கள். ஈரச் சுவரில் பாதி மாற்றுவது பயன் தராது.

வீடு இருக்கும் இடத்தின் குளிரும் விலையைப் போலவே தெருவுக்குத் தெரு மாறும். உயரம் கூடினால் குளிரும் என்பது பொதுவிதி. ஆனால் காற்றில்லாத தெளிந்த இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமாகி, கண்ணுக்குத் தெரியாத ஓடைபோல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. காலையில் மேட்டு வீட்டில் புல் பச்சையாக இருக்க, பள்ளத்து வீட்டில் வெள்ளை விரித்திருக்கும். ஊட்டியை ஒட்டிய தலைக்குந்தாவில் உறைபனிப் படம் எடுக்கக் கூட்டம் கூடுவது இதனால்தான். பள்ளத்து வீட்டுச் சுவர் மேட்டு வீட்டுச் சுவரைவிட அதிக நேரம் பனிநிலைக்குக் கீழே இருக்கும். பூஞ்சையும் அங்கே கூடுதல். இன்னொன்று: தெற்குப் பார்த்த வாசல் என்றால் சமவெளியில் பலர் தயங்குவார்கள். ஊட்டி வடக்கு அட்சரேகை 11.4 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் அங்கே தெற்கே சாய்ந்து, அடிவானிலிருந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கு ஜன்னலுக்கு வெயில் உள்ளே வரும். வடக்குச் சுவர் அந்தப் பருவத்தில் வெயிலையே பார்ப்பதில்லை. பாசி பிடித்த பக்கம் எது என்று பார்த்தாலே திசைகாட்டி வேண்டாம்.

இனி விரிசல். பையிலிருந்து ஏடிஎம் கார்டை எடுங்கள். அதன் தடிமன் 0.76 மி.மீ. கார்டு நுழையாத விரிசல் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வந்தது. நான்கைந்து கார்டு சேர்த்து நுழைந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அகலத்தைவிட முக்கியமானது திசை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் வரிசையில் படிக்கட்டுபோல இறங்கும் விரிசல், வீட்டின் ஒரு பக்கம் மட்டும் கீழே போகிறது என்று சொல்கிறது. விரிசலின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பழைய பெயின்டும் தூசும் இருந்தால் நாள்பட்டது, ஒருவேளை ஓய்ந்துவிட்டது. உள்பக்கம் பளிச்சென்று இருந்தால் இப்போதுதான் வாய் திறக்கிறது. தரையில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இதைத் துல்லியமாகச் சொல்லும். கோலிக்குண்டு சும்மா உருண்டு காட்டும். எல்லா அறையிலும் ஒரே திசைக்கு, அதுவும் பள்ளத்துப் பக்கத்துக்கே உருண்டால் வெளியே போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஏன் ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறது? சரிவில் சமதளம் வேண்டுமென்றால் மேல்பக்க மண்ணை வெட்டி அதையே கீழ்ப்பக்கம் நிரப்புவார்கள். வீட்டின் பாதி, மலை தானே ஆயிரமாயிரம் ஆண்டுகள் அழுத்தி வைத்த மண்ணில் நிற்கும். மறுபாதி போன ஜனவரியில் கொட்டிய மண்ணில். கொட்டிய மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் உட்காரும். வெட்டும் நிரப்பும் சந்திக்கும் கோட்டின் மேல்தான் அந்தப் படிக்கட்டு விரிசல் தோன்றும். விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ‘எதுவரை வெட்டு, எங்கிருந்து நிரப்பு?’

அந்த மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. நீலகிரியின் எலும்பு சார்னோக்கைட் என்ற கரும்பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. கொல்கத்தாவில் 1693-இல் இறந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை, சென்னைக்கு அருகே பல்லாவரத்திலிருந்து போனது. அதனால்தான் 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கு அவர் பெயரை வைத்தார். இரும்புபோன்ற இந்தப் பாறை மழையிலும் வெப்பத்திலும் காலங்காலமாகச் சிதைந்து, தன்மேல் பல மீட்டர் தடிமனுக்குச் சிவந்த களிமண் போர்வையைப் போர்த்தியிருக்கிறது. நாம் வீடு கட்டுவது பாறையில் அல்ல, பெரும்பாலும் இந்தப் போர்வையின் மேல்.

கடற்கரையில் மணல் வீடு கட்டியிருப்பீர்கள். காய்ந்த மணல் நிற்காது. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் நிற்கும். அலை வந்து நனைத்தால் கரைந்து உட்காரும். மலைச்சரிவும் இப்படித்தான். மண் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி உரசிக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கிறது. துகள்களுக்கு நடுவேயுள்ள இடமெல்லாம் தண்ணீர் நிரம்பினால், அந்தத் தண்ணீர் நாலாபுறமும் தள்ளி, துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று சற்றே தூக்கிவிடுகிறது. இதற்குத் துளைநீர் அழுத்தம் என்று பெயர். இதைக் கணக்கில் பிடித்துக் காட்டிய கார்ல் டெர்சாகி 1925-இல் எழுதிய நூலிலிருந்துதான் மண் இயக்கவியல் என்ற துறையே தொடங்குகிறது. 2009 நவம்பரில் விடாத மழைக்குப் பின் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிவுகள் பெயர்ந்தன; நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அது.

வீட்டுக்குப் பின்னால் பத்தடி உயரத் தடுப்புச் சுவர் இருக்கிறது என்று வையுங்கள். பின்னாலுள்ள மண் காய்ந்திருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் ஏறத்தாழ மூன்று சிறிய கார்களின் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் தேங்கி நிறைந்துவிட்டால் ஆறு ஏழு கார். சுவர் அதே சுவர்தான், சுமை இரட்டிப்பு. இவ்வளவு பெரிய ஆபத்தைத் தீர்ப்பது எது தெரியுமா? கையளவு ஓட்டைகள். சுவரில் இடைவெளி விட்டுப் பதித்த குழாய்த் துண்டுகளான வடிதுளைகள், பின்னால் தண்ணீரைத் தேங்கவிடாமல் வடித்துவிடுகின்றன. அவற்றுக்குப் பின்னால் ஜல்லி அடுக்கியிருப்பார்கள். அது மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விடும் வடிகட்டி, நம் காபி ஃபில்டர்போல. வடிதுளையே இல்லாத சுவர், ஓட்டைக்குள் செடி முளைத்த சுவர், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று சிமென்ட் வைத்து அடைத்த சுவர், வயிறு முன்னே தள்ளிய சுவர்: இந்த நான்கில் ஒன்றைப் பார்த்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுவேன்.

மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து சென்ட் மனையில் நான்கு பேர் குடியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் போடும் கணக்கு. ஆக 540 லிட்டர். ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் இதில் பெரும்பகுதி செப்டிக் டேங்க் வழியாகவும் உறிஞ்சுகுழி வழியாகவும் அதே மண்ணுக்குள் இறங்குகிறது. முழுவதும் இறங்குவதாக எடுத்து அந்த ஐந்து சென்ட்டின் மேல் பரப்பிப் பார்த்தால் 970 மி.மீ. வருகிறது. வானம் ஆண்டு முழுக்கத் தரும் 1,200-க்கு அருகே, குளியலறையும் சமையலறையும் சேர்ந்து இன்னொரு பருவமழையைப் பெய்விக்கின்றன, அதுவும் கோடையில்கூட விடாமல். மேல்வரிசையில் பத்து விடுமுறை வீடுகளும் ஒரு தங்கும் விடுதியும் இருந்தால், கீழ்வரிசை வீட்டின் பின்சுவர் ஏன் ஏப்ரலிலும் ஈரமாக இருக்கிறது என்பதற்கு வானிலை அறிக்கையில் விடை கிடைக்காது. மலைப்பகுதிகளுக்கென்று 1993-இலிருந்து தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன; அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்கும்போது, கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் அதில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சரிவு மெல்ல நகர்கிறதா என்று கண்டுபிடிக்கத் தேயிலைத் தோட்டத்திலேயே ஒரு கருவி நட்டு வைத்திருக்கிறார்கள். நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள். நெட்டுக்குத்தாக வளர்வது அவற்றின் இயல்பு. கீழேயுள்ள மண் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் மரம் பள்ளத்துப் பக்கம் சாயும். உடனே நுனி மறுபடி வானத்தை நோக்கித் திரும்பும். மறுபடி சாய்வு, மறுபடி திருத்தம். முப்பது ஆண்டில் அடிமரம் அரிவாள்போல வளைந்து, மேல்மரம் நேராக நிற்கும். ஒன்றிரண்டு மரம் வளைந்திருந்தால் அது காற்றோ வேறு ஏதோ. வீட்டுக்கு மேலுள்ள வரிசை முழுவதும் ஒரே பக்கம் அடிவளைந்திருந்தால் அந்தச் சரிவு நடந்துகொண்டிருக்கிறது.

அதனால் மே மாதத்தில் பிடித்துப்போன வீட்டை, ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். சீசன் முடிந்திருக்கும், அறை வாடகையும் குறைவு. குடையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்பக்கத் தடுப்புச் சுவருக்குப் போங்கள். வடிதுளைகளில் தண்ணீர் வந்துகொண்டிருக்க வேண்டும். வராவிட்டால் அது சுவருக்குப் பின்னால் சேர்கிறது. வரும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் உள்ளே ஜல்லி தன் வேலையைச் செய்கிறது. செம்மண் கலங்கி வந்தால், தண்ணீரோடு மலையும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஓட்டை வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது.